விடுமுறைக்கு வந்த மகளின் மனது



பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறாள். வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே உங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று வட்டிலப்பம் அவித்தீர்கள். கம்பளிப் போர்வையை வெயில் கண்ட நேரத்தில் காயப் போட்டு எடுத்து வைத்தீர்கள். முதல் இரண்டு நாட்களும் வீடே கலகலப்பாக இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து பிள்ளையின் பேச்சுக் குறைகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பனி மூடிய மலையைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். கைத்தொலைபேசியில் யாரோ தோழி அனுப்பிய செய்தியைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் அருகில் போனால் சிரிப்பு அடங்கி விடுகிறது. சுவரில் தொங்கும் கலண்டரை அடிக்கடி பார்க்கிறாள். விடுமுறை முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறாள் போலும்!

உங்கள் மனதில் சுருக்கென்று தைக்கிறது. "இருபது வருஷம் வளர்த்த வீடு இரண்டு வருஷத்தில் கசந்து விட்டதா?" என்று கேட்கத் தோன்றுகிறது. சிலர் கேட்டும் விடுகிறார்கள். சிலர் கேட்காமல் விழுங்கிக்கொண்டு, "படிக்கப் போட்டதும் பிள்ளை மாறிட்டா" என்று மாமியிடமும் சாச்சியிடமும் சொல்லிக் குறைபடுகிறார்கள். அதைக் கேட்கும் பிள்ளை இன்னும் ஒடுங்கிப் போகிறாள்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று நம் மலைநாட்டுப் பட்டணங்களில் பெண்பிள்ளை படிக்கப் போன வீடுகளில் இது இன்று பழக்கமான காட்சி. ஆகவே இம்மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவோம்.

நீங்கள் அறியாத ஏக்கமா?

சகோதரியே, உங்களையே ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் கம்பளையிலோ அக்குறணையிலோ மாத்தளையிலோ பிறந்து, கலியாணம் முடித்து இந்தக் குளிர் ஊருக்கு வந்தவராக இருக்கலாம். வந்த புதிதில் மாப்பிள்ளை அன்பாகத்தான் இருந்தார். மாமியும் குறை வைக்கவில்லை. ஆனாலும் மாலை நேரத்து மழையில் அடுப்படியில் தனியாக நின்றபோது, உம்மா வீட்டு முற்றமும் உடன்பிறந்தவர்களின் சத்தமும் நினைவுக்கு வந்து கண் கலங்கவில்லையா? அப்படிக் கலங்கியதனால் புகுந்த வீட்டை நீங்கள் வெறுத்தீர்கள் என்று அர்த்தமா?

பிறகு பிள்ளை பெற்று, வீடு உங்கள் கைக்கு வந்தபின், உம்மா வீட்டுக்குப் போனால் நான்காம் நாளே "அங்கே என்ன நடக்குதோ" என்று இந்த வீட்டை நினைத்தீர்கள். அப்போது பெற்ற தாயை மறந்து விட்டீர்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

மனித மனதில் இரண்டு வீடுகளுக்கு இடமுண்டு. ஒன்றில் இருக்கும்போது மற்றதை நினைப்பது இயல்பு. இந்த ஏக்கத்தை நீங்கள் கலியாணத்துக்குப் பிறகு அறிந்தீர்கள். உங்கள் மகள் படிப்பினால் சற்று முன்னதாகவே அறிந்து கொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே அவளுக்கு என்ன இருக்கிறது?

பேராதனையை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-ல் கொழும்பில் ஆரம்பமாகி, 1952-ல் பேராதனைக்கு இடம் மாறியது. முதல் துணைவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் அதை மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே அமைக்க விரும்பினார். வகுப்பில் கற்பது பாதி என்றால், ஒரே விடுதியில் பல ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வாழ்ந்து கற்பது மறு பாதி என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. மகாவலி கங்கையின் இரு கரைகளிலும் பரந்த வளவு. சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர என்று பெண்கள் விடுதிகள். ரொபரோசியா மரங்கள் பூக்கும் காலத்தில் வீதியெல்லாம் இளஞ்சிவப்பாகக் கிடக்கும்.

மரமும் ஆறும் நம் மலைநாட்டிலும் உண்டு. அவள் ஏங்குவது அவற்றுக்காக மட்டுமல்ல. அறைத் தோழிகளை நினைத்துப் பாருங்கள். மாத்தறையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை, காத்தான்குடியிலிருந்து வந்த நம்மூர்ப் பிள்ளை. மூவரோடும் ஒரே அறையில் படுத்து எழும்பியிருக்கிறாள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு மூன்று மணி வரை சேர்ந்து படித்திருக்கிறாள். நோன்புக் காலத்தில் நான்கு பேர் ஒரு கோப்பைக் கஞ்சியைப் பங்கிட்டு நோன்பு திறந்திருக்கிறார்கள். நோன்பு பிடிக்காத தோழி சஹருக்கு எழுப்பி விட்டிருக்கிறாள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம் பிள்ளைகள் மீண்டும் விடுதிக்குப் போகத் தயங்கிய நாட்கள் இருந்தன. அப்படியான நாட்களில், "நீ வா, நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு தோழி தொலைபேசியில் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி!

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அவள் இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை. அங்கே அவளுடைய பெயரால் அவளை அறிகிறார்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று விரிவுரையாளர் கேட்கிறார். அவள் எழுந்து நின்று பதில் சொல்கிறாள். எப்போது படிப்பது, எப்போது தூங்குவது, கையிலிருக்கும் காசில் புத்தகம் வாங்குவதா செருப்பு வாங்குவதா என்று தானே தீர்மானிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் இந்தத் தீர்மானங்களெல்லாம் மறுபடி உங்கள் கைக்கு வந்து விடுகின்றன. நீங்கள் அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆனால் அவளுக்கு, போட்டுப் பழகிய சட்டையைக் கழற்றிவிட்டுச் சிறுவயதுச் சட்டையைப் போட்டது போல இறுக்கமாக இருக்கிறது.

இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது?

இந்தியாவில் இதைக் கோடை விடுமுறை என்பார்கள். நமக்கோ கோடை என்பது பெயருக்குத்தான். நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் வசந்த காலம். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக ஊர் நிறைந்துவிடும். கொழும்பில் வெயில் தாங்காத உறவுக்காரர்களும் பெட்டி படுக்கையோடு மேலே வந்து விடுவார்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளை அவர்களுக்குத் தேயிலை ஊற்றியும் பாய் விரித்தும் ஓய்ந்து போகிறாள். அதை விட்டால் மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நாள் கணக்கில் வெளியே தலை காட்ட முடியாது.

பட்டணத்தில் நம்மில் பலருக்கு வீடு என்பது கடைக்கு மேலேயோ கடைக்குப் பின்னாலேயோ உள்ள இரண்டு அறைகள்தான். கீழே வாப்பாவின் வியாபாரச் சத்தம், மேலே தம்பிமாரின் சத்தம். தனியே உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்க மூலை கிடையாது.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் நெருக்கடி. பழைய லயன் காம்பரா என்பது ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் ஓர் இஸ்தோப்பும்தான். அதற்குள் மொத்தக் குடும்பமும் வாழ வேண்டும். அந்தக் காம்பராவிலிருந்து படித்துப் பல்கலைக்கழகம் போன பெண்கள் இன்று இருக்கிறார்கள். விடுதியில் கிடைத்த ஒரு கட்டிலும் ஒரு மேசையும்தான் வாழ்க்கையில் முதன்முதலாக அவர்களுக்கென்று கிடைத்த இடம். நம் கடைக்கு அரிசி வாங்க வரும் தாயிடம் "மகள் லீவில் வந்திருக்கிறாளா?" என்று கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளைகள் அவ்விடத்தை அடைந்தது சுலபமாக அல்ல. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பதே நீண்டகால ஏற்பாடு. பின்தங்கியவை என்று கணக்கிடப்பட்ட 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. அதாவது இங்கிருந்து ஒரு பிள்ளை மேலே ஏறுவது கடினம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இடத்தை ஒரு மாதம் பிரிந்திருந்தாலும் மனம் ஏங்காதா?

ஏக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் அச்சம்

சகோதரிகளே, மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பல பிள்ளைகளின் மௌனத்துக்குள் ஏக்கம் மட்டும் இல்லை, ஓர் அச்சமும் இருக்கிறது. "விடுமுறை முடிந்ததும் என்னைத் திரும்பி அனுப்புவார்களா?" என்ற அச்சம்!

வீண் அச்சம் என்று தள்ளி விடாதீர்கள். பிள்ளை வீட்டில் நிற்கும் நாட்களில்தான் பெண் பார்க்க வருகிறார்கள். "நல்ல இடம், கையை விட்டால் கிடைக்காது" என்று உறவினர் சொல்கிறார்கள். "பட்டம் எடுத்து என்ன செய்யப் போகிறாள்?" என்ற கேள்வி எழுகிறது. வாப்பாவின் வியாபாரம் சரிந்த வருடமென்றால் விடுதிச் செலவும் பேச்சில் அடிபடுகிறது. கதவுக்குப் பின்னால் நடக்கும் இந்தப் பேச்சுகள் அவள் காதில் விழாமலா இருக்கும்?

முடிவு தெரியாத விடுமுறைகளை நம் நாடு முன்பும் கண்டிருக்கிறது. 1980களின் இறுதியில் தென்பகுதியில் நடந்த கிளர்ச்சியின்போது பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தில் படித்த சகோதரி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இன்றோ நாளையோ திறக்கும் என்று காத்திருந்த நாட்களின் வேதனையைச் சொல்வார். பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவினால் எல்லாம் மூடப்பட்டன. விரிவுரைகள் தொலைபேசித் திரைக்கு வந்தன. சிக்னல் கிடைக்காத இடங்களில் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்று பாடம் கேட்டார்கள். அன்று அப்படி ஏறி நின்ற பிள்ளையைப் பார்த்து "வீடு கசந்து விட்டது" என்று யாரும் சொல்லவில்லை. படிப்பின் மேல் எவ்வளவு ஆசை என்றுதான் வியந்தோம். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதும் அதே ஆசைதான்.

அலிகார் தந்த பாடம்

பெண்பிள்ளையை விடுதியில் விடத் தயங்குவது நமக்கு மட்டும் உரியதல்ல. 1906-ல் அலிகாரில் ஷெய்க் அப்துல்லாஹ்வும் அவருடைய மனைவி வஹீத் ஜஹான் பேகமும் பெண்களுக்கென்று ஒரு சிறு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க வேண்டுமென்று 1914-ல் விடுதி திறந்தார்கள். மகளை வெளியில் தங்க வைப்பதா என்று குடும்பங்கள் தயங்கிய காலம் அது. அந்த அம்மையார் விடுதிப் பிள்ளைகளைப் பெற்ற தாய் போலப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை 'ஆலா பீ' என்றும், அவருடைய கணவரை 'பாப்பா மியான்' என்றும் உறவு முறை போலவே அழைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடமே வளர்ந்து அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரி ஆயிற்று. எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் அங்கே படித்தவர். டாக்டராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய ரஷீத் ஜஹான் அந்தத் தம்பதியின் மகள்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. விடுதி ஒரு வீடு போல இருந்தால்தான் பெற்றோர் நம்பிப் பிள்ளையை விடுவார்கள் என்று அந்தப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் அதை வீடாகவே ஆக்கினார்கள். வீடாக ஆகிவிட்ட ஓர் இடத்தைப் பிள்ளை நினைக்காமல் இருப்பாளா? அவள் ஏங்குகிறாள் என்றால், நீங்கள் அனுப்பிய இடம் நல்ல இடம் என்றும், அங்கே அவளை அன்பாக வைத்திருக்கிறார்கள் என்றும் பொருள். பிடிக்காத இடத்துக்கு யார் ஏங்குவார்கள்?

நம் மலைநாட்டிலும் முன்னோடி உண்டு. கண்டியில் பிறந்து 1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த அறிஞர் சித்திலெப்பை, பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர். நூறு வருடத்துக்கு முன்பே அவர் கேட்டதை இப்போதுதான் நம் வீடுகள் ஒவ்வொன்றாகச் செய்து கொண்டிருக்கின்றன.

தாய்மார்களுக்குச் சில யோசனைகள்

முதலாவது, அவளைத் திரும்பி அனுப்புவீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "திறந்ததும் போக வேண்டும்தானே, என்ன என்ன தேவை என்று எழுதி வை" என்ற ஒரு வார்த்தை போதும். அன்றிரவே முகம் மாறுவதைக் காண்பீர்கள். சம்பந்தம் பேச வந்தாலும் அவளிடம் ஒளிக்காதீர்கள். அவளைக் கேட்டு, படிப்பு முடியும் காலத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு மூலையும் ஒரு மணித்தியாலமும் கொடுங்கள். தனி அறை நம் வீடுகளில் முடியாது. ஜன்னலருகே ஒரு சிறு மேசை, இஷாவுக்குப் பின் ஒரு மணித்தியாலம் தொல்லை இல்லாத நேரம். இது எந்த வீட்டிலும் முடியும்.

மூன்றாவது, தோழிகளின் பெயர்களைக் கேளுங்கள். யார் எந்த ஊர், வாப்பா என்ன செய்கிறார், என்ன சமைத்துத் தின்பீர்கள் என்று கேளுங்கள். விசாரணை போல வேண்டாம், கதை கேட்பது போலக் கேளுங்கள். முடிந்தால் ஒரு தோழியை இரண்டு நாள் வீட்டுக்கு அழையுங்கள். கடலோர ஊர்ப் பிள்ளைக்கு நம் குளிரும் தேயிலை மலையும் பெரிய அதிசயம். மகளின் இரண்டு வீடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் பாதி ஏக்கம் தீர்ந்துவிடும்.

நான்காவது, வீட்டு வேலை கொடுங்கள், ஆனால் முழுவதையும் அவள் தலையில் கட்டாதீர்கள். அண்ணன் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்தால் அவனைத் தூங்க விடுகிறோம். அதே பரீட்சையை எழுதிவிட்டு வந்த தங்கைக்கு மட்டும் ஏன் தூக்கம் கூடாது?

மகளே, உனக்கும் ஒரு வார்த்தை

இதை உம்மா வாசித்துவிட்டு உன்னிடம் நீட்டியிருப்பார். உன் ஏக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அதை வாய் திறந்து சொல்லாவிட்டால், அதை உம்மா தன் மீதான வெறுப்பாகவே எடுத்துக்கொள்வார். "எனக்கு அங்கத்தை நினைச்சுக் கவலையா இருக்கு உம்மா, உங்களைப் பிடிக்காமல் இல்லை" என்று ஒரு தடவை சொல்லிப் பார். அவருக்கும் ஒரு கதை இருக்கும். எத்தனையாம் வகுப்பில் படிப்பை நிறுத்தினார், எந்தத் தோழியை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை என்று கேள். உனக்குப் பிரிவு ஒரு மாதம். அவருக்கு அது முப்பது வருடமாக இருக்கலாம்.

உன் அறையைப் போல ஒன்று உன் ஊரிலும் உண்டாகலாம். கீழ்வீட்டுப் பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்குக் கணிதம் தெரியாமல் தவிக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு உயர்தரத்தில் என்ன பாடம் எடுப்பது என்று சொல்ல ஆளில்லை. வாரத்தில் இரண்டு மாலை அவர்களுடன் உட்கார். நீ அங்கே கேட்ட "நீ என்ன நினைக்கிறாய்?" என்ற கேள்வியை இங்கே அவர்களிடம் கேள். அதுவரை யாருமே அவர்களை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சகோதரிகளே! விடுமுறை முடிந்து பிள்ளை பஸ் ஏறும் நாள் வரும். அன்று உங்கள் முகத்தைப் பார்த்து அவளும், அவள் முகத்தைப் பார்த்து நீங்களும் அழத்தான் போகிறீர்கள். விடுதிக்குப் போன முதல் வாரம் அவள் உங்கள் சோற்றையும் உங்கள் சத்தத்தையும் நினைத்து ஏங்குவாள். அங்கே அவள் தோழிகள்தான் அப்போது தேற்றுவார்கள். இங்கே அவள் அவர்களை நினைத்து ஏங்கும்போது தேற்றுவது உங்கள் பங்கு. அடுத்த முறை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரு கோப்பைத் தேயிலையோடு நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உன் தோழிகளில் யார் நல்லாப் பாடுவாள்?" என்று கேட்டு ஆரம்பியுங்கள். மிச்சத்தை அவளே சொல்வாள்.